மறுத்தவர் சொன்ன பெயர்

மாஹ்பானு மறுபடியும் விறகுக்குக் கிளம்பினாள். தலையில் சும்மாடு, இடுப்பில் அரிவாள், பின்னால் வேண்டாவெறுப்பாக ஒரு கழுதை. மலைச்சரிவில் பனி இன்னும் விலகவில்லை. காஸ்பியன் கடலுக்குத் தெற்கே, அந்நாளில் தபரிஸ்தான் என்று பெயர் கொண்டிருந்த நாட்டில், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பெண் இருந்திருக்கலாம். இருந்ததாக எந்த நூலும் சொல்லவில்லை. ஆனால் மதுரையில், நிகர் ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில், சுவரை அடைத்த திரையில் அவள் நடந்துகொண்டிருந்தாள். கால் சறுக்கியபோது கழுதையை வைதாள்.

"இன்னிக்காவது எந்திரிப்பாங்களா மேடம்?" என்றான் ஆய்வகத்துப் பொறியாளன் கிருபாகரன்.

"எந்திரிச்சா எந்திரிக்கட்டும். அவங்க செத்தே ஆயிரம் வருஷம் ஆச்சு, நமக்கென்ன அவசரம் தம்பி?" என்றார் உம்மு சல்மா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

மதுரைக் கல்லூரி ஒன்றில் இடைக்கால வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். பாரசீகமும் அரபியும் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் அருகிப்போயிருந்ததால் நிகர் அவரைத் தேடி வந்தது. அவர்கள் செய்திருந்தது படம் காட்டும் வேலை இல்லை. திரையில் இருந்த ஒவ்வோர் ஆளுக்கும் பசி உண்டு, பயம் உண்டு, பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமை உண்டு. காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவரவரே முடிவு செய்வார்கள், யாரும் ஆட்டுவிப்பதில்லை. நடந்து முடிந்த ஒரு சரித்திரத்தின் நிலைமைகளை மட்டும் அந்த உலகத்தில் வைத்துவிட்டு, நடந்தது அங்கேயும் தானாக நடக்கிறதா என்று பார்ப்பது. நடந்தால் அந்த இயந்திரத்தை நம்பலாம்.

சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கி.பி. 864இல் தபரிஸ்தானில் எழுந்த ஷியாக் கிளர்ச்சி. ஏன் அவ்வளவு தூரம் போனீர்கள் என்று முதல் நாளே அவர் கேட்டிருந்தார்.

"யாருக்கும் மனசு புண்படாத ஊரா வேணும் மேடம். இங்க உள்ள சரித்திரத்துல எதைத் தொட்டாலும் மறுநாள் ஆபீஸ் வாசல்ல கல்லு விழும்," என்று சிரித்தான் கிருபாகரன். முப்பத்தைந்து வயதிருக்கும். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாத முகம். அவர் உட்காரும் நாற்காலிக்குத் தானே வீட்டிலிருந்து ஒரு முதுகணை கொண்டுவந்து வைத்தவன்.

சம்பளம் வேண்டாம் என்று உம்மு சல்மா சொல்லிவிட்டார். கல்லூரிக் கிடங்கில் பழைய பாரசீக, அரபு நூல்கள் மூட்டை மூட்டையாகக் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஒரு கூரை போட்டுக் கொடுங்கள், அது போதும் என்றார். ஒரு கட்டிடமே கட்டித் தருகிறோம் என்றார்கள்.

முதல் சில மாதம் எதுவும் நடக்கவில்லை. நூலில் உள்ளபடி வரிமேல் வரியாகப் போட்டார்கள். ஆளுநரின் கையாளுக்கு ஒரு வரி, அவன் மகனுக்கு ஒரு வரி, அவன் காரியக்காரனுக்கு ஒரு வரி என்று ஒரே வருடத்தில் மூன்று. திரையில் ஜனங்கள் அழுதார்கள், ஆட்டை விற்றார்கள், சிலர் மலையேறி ஓடிப்போனார்கள். மற்றவர்கள் கட்டினார்கள். யாரும் எழவில்லை.

உம்மு சல்மாதான் விட்டுப்போன சங்கதியை நினைவுபடுத்தினார். கூஃபா நகரத்துக் கலகம் ஒன்றை அடக்கியதற்குப் பரிசாக, பாக்தாதில் இருந்த ஒரு பிரபுவுக்குக் கலீஃபா அந்தப் பக்கத்தில் நிலம் கொடுத்தார். அளந்து எடுத்துக்கொள்ள வந்த காரியஸ்தன், கொடுத்ததோடு நிற்காமல் பக்கத்தில் கிடந்த 'செத்த நிலத்தையும்' சேர்த்து வளைத்துப்போட்டான். உழப்படாத நிலம், யார் பெயரிலும் இல்லாத நிலம். ஊரே விறகு பொறுக்கியதும் மாடு மேய்த்ததும் அங்கேதான்.

அந்தச் சரிவை வரைந்து வைத்து, அதை வளைத்துப்போட ஒரு காரியஸ்தனையும் அனுப்பினார்கள். அன்றிலிருந்துதான் மாஹ்பானுவின் பேச்சு மாறியது.

அந்த உலகத்து ஆட்களோடு ஒரு வழிப்போக்கரைப்போல் உட்கார்ந்து பேச முடியும். உம்மு சல்மா ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"வரி கேட்டப்ப வாயைத் திறக்கல. விறகுக்கு ஏன் இவ்வளவு கோவம், மாஹ்பானு?"

"வரிங்கிறது ஆம்பளைக சமாச்சாரம்மா. கேப்பாக, குடுப்பாக, அடிப்பாக, ஓடுவாக." மாஹ்பானு கழுதையின் கயிற்றைக் கல்லில் சுற்றிவிட்டு உட்கார்ந்தாள். "இந்தச் சரிவு ஒருத்தருக்கும் சொந்தமில்ல. அதனாலதேன் எல்லாருக்கும் சொந்தம். கீழ்ச்சரிவுக்காரகளுக்கும் எங்களுக்கும் ஆகாது. அவுக வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்க போறதில்ல, எங்க வீட்டு எழவுக்கு அவுக வாரதில்ல. ஆனா அவுக மாடும் இங்கனதேன் மேயுது, எங்க விறகும் இங்கனதேன். இப்ப ஒருத்தன் வந்து செத்த நிலங்குறான். நாந் தினம் அடுப்பெரிக்கிறேனே, அது என்ன பொணமா?"

உம்மு சல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன தம்பி இது, தபரிஸ்தான்காரி முதுகுளத்தூர்ப் பேச்சு பேசுறா?"

"கிராமத்துப் பேச்சுப் பதிவு எங்களுக்கு அந்தப் பக்கத்துலதான் நிறையக் கிடைச்சுது மேடம். அதைவச்சுத்தான் இவங்களுக்கு வாய் குடுத்தோம்," என்றான் கிருபாகரன். அவன் அப்போது கணினியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் சரிவில் முதல் கம்பு உயர்ந்தது. காரியஸ்தனின் ஆட்களை விரட்டினார்கள். அதோடு நின்றுவிட்டார்கள். மேல்சரிவுக்காரன் தலைமையில் கீழ்ச்சரிவுக்காரன் நிற்க மாட்டான். அவன் தலைமையில் இவன் நிற்க மாட்டான். அதன் பிறகு நூலில் உள்ளது போலவே திரையிலும் நடந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் சேர்ந்து தொலைவில் இருந்த ஊர் ஒன்றுக்குப் போய், நபி குடும்பத்து வழியில் வந்த ஒரு பெரியவரைத் தலைமை ஏற்கக் கூப்பிட்டார்கள்.

"அப்ப இது மதமா, விறகா மேடம்? மேலே கேக்குறாங்க," என்றான் கிருபாகரன்.

"ரெண்டும்தான். அந்தக் குடும்பம் அநியாயத்துக்குப் பலியான குடும்பம், அவங்க வந்தா நியாயம் கிடைக்கும்னு அந்த ஜனங்க மனசார நம்புனாங்க. அதைச் சின்னதா நினைச்சிராதீங்க. ஆனா நம்பிக்கை மட்டும் இருந்தா வீட்டுக்குள்ள தொழுதுட்டு இருந்திருப்பாங்க. விறகு மட்டும் போயிருந்தா காரியஸ்தனை நாலு அடி அடிச்சிட்டு ஒளிஞ்சிருப்பாங்க. அதோட இன்னொண்ணு. அந்தப் பெரியவருக்கு அந்தச் சரிவுல ஒரு முழ நிலம் கிடையாது. கொண்டான் கொடுத்தான் கிடையாது. அதனால ரெண்டு பக்கமும் அவரை நம்ப முடிஞ்சுது."

கிருபாகரன் தலையசைத்தான். அதை எங்கேயோ தட்டெழுதிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் 'எதை மாற்றினால் இது நடக்காது' என்ற கேள்வி வந்தது. உம்மு சல்மா அதை வரலாற்றுக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அவருக்குக் கிடைக்காத வசதி இது. நடந்ததை மாற்றிப்போட்டுப் பார்க்க எந்த வரலாற்றாசிரியருக்கு வாய்த்தது? வரியைக் குறைத்துப் பார்த்தார்கள், எழுந்தார்கள். படையைக் கூட்டினார்கள், சீக்கிரம் எழுந்தார்கள். காரியஸ்தனை மாற்றினார்கள், புதியவனை அடித்தார்கள். கடைசியில் ஒருநாள் அவருக்கே பொறி தட்டியது.

"அந்தப் பெரியவருக்குச் சரிவுல ஒரு தோட்டம் குடுத்துப் பாருங்க தம்பி. நல்ல மனசோட, ஏழைகளுக்குப் பழம் குடுக்கிற தோட்டமா இருக்கட்டும்."

கொடுத்தார்கள். மாஹ்பானு கழுதையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தோட்டம் மேல்சரிவுப் பக்கமா, கீழ்ச்சரிவுப் பக்கமா?"

"கீழ்ச்சரிவுப் பக்கம்."

"அப்ப அவுக ஆளு," என்று போய்விட்டாள்.

ஆனாலும் எழுந்தார்கள். ஏனென்றால் நூலில் உள்ள ஒரு சின்ன விவரம் திரையிலும் இருந்தது. முதலில் கூப்பிடப்பட்ட பெரியவர், தான் இதற்குத் தகுந்தவன் இல்லை என்று மறுத்தார். மறுத்ததோடு விடாமல் இன்னொருவர் பெயரைச் சொன்னார். அந்த இன்னொருவரைத்தான் ஜனங்கள் ரய் என்ற தூரத்து நகரத்திலிருந்து அழைத்துவந்தார்கள். நாடு அவர் கைக்குப் போனது. தோட்டம் வாங்கிக்கொண்ட பெரியவரும் கூச்சப்பட்டு மறுத்து, அதே பெயரைத்தான் சொன்னார்.

"மறுத்தவர் பேரே சொல்லாம இருந்திருந்தா?" என்று கிருபாகரன் மெதுவாகக் கேட்டான்.

அதையும் பார்த்தார்கள். போனவர்கள் பெரியவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு வழியாக வந்தவர்கள் இரண்டு வழியாகப் பிரிந்து ஊர் திரும்பினார்கள். காரியஸ்தன் சரிவுக்கு வேலி போட்டான்.

உம்மு சல்மா ஒலிவாங்கியில் கேட்டார். "அப்புறம் என்னதான் செஞ்சீங்க மாஹ்பானு?"

"என்னத்தச் செய்ய? சாணி பொறுக்குறோம்."

அந்தப் பதிலைக் கேட்டதும் மனதுக்கு என்னவோபோல் இருந்தது அவருக்கு. ஆனாலும் அன்று மாலை கட்டுரையை எழுதி முடித்தபோது, முப்பது வருட வகுப்பறைக் காலத்தில் அடையாத நிறைவை அடைந்தார். சரித்திர நூல்கள் ஒரு வரியில் தாண்டிப்போன ஒரு மறுப்பு, ஒரு நாட்டின் தலையெழுத்தைத் தாங்கி நின்றதை அவர் கண்டுபிடித்திருந்தார்.

*

ஏழெட்டு மாதம் கழிந்தது. நூலகம் தயாராகிவிட்டதாகப் படம் அனுப்பினார்கள். வெள்ளையடித்த, உயரமான சன்னல்கள் வைத்த அழகான கட்டிடம். வாசலில் அவர் பெயர். ராமநாதபுரம் மாவட்டத்தில் இடம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மூட்டுவலியால் அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் கோரிப்பாளையத்தில் இருந்த அவர் வீட்டுக் கதவைக் கிருபாகரன் தட்டினான். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. தேநீர் கொடுத்தார், கையிலேயே வைத்திருந்தான்.

"மேடம், நரிப்பொட்டல்காரங்க உங்களைப் பார்க்க வராங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாங்க."

நரிப்பொட்டல் பெயரைக் கேட்டு அவர் நிமிர்ந்தார். முதுகுளத்தூருக்கு அப்பால் இருந்த ஊர். பல வருடங்களுக்கு முன் அதன் மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று எழுதி ஓர் உப்புக் கம்பெனிக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, அது ஊர்ப் பொது நிலம் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் உம்மு சல்மா. கம்பெனி போய்விட்டது. கண்மாய்த் தண்ணீர்ச் சண்டையில் பேச்சுவார்த்தை முறித்துக்கொண்ட, அதன் இரு பகுதிகளான கிழக்கூரும் மேற்கூரும், அதற்குப் பிறகு பல வழக்குகளுக்கு அவரிடம் வந்து தீர்ப்புக் கேட்டுப் போனார்கள். அந்த ஊரில் அவருக்கு உறவில்லை, நிலமில்லை.

"பழையபடி யாராவது பொட்டலைக் கேக்குறாங்களா?"

"நாங்கதான் மேடம்." அவன் தேநீரைக் கீழே வைத்தான். "இயந்திரங்களை வைக்கப் பெரிய இடம் வேணும். மறுபடியும் தரிசுன்னு எழுதி வாங்கியாச்சு. வேலி போடுறாங்க. உங்க நூலகம் அதுக்குள்ளதான் இருக்கு. கிழக்கூர்ப் பக்கமா."

வெளியே கீரைக்காரரின் ஒலிபெருக்கி தெருவைத் தாண்டிப் போனது.

"தபரிஸ்தான் ஒரு ஒத்திகை மேடம். இதே போல இன்னொரு மாதிரி உலகம் ரெண்டு வருஷமா ஓடிட்டிருக்கு. அது நரிப்பொட்டல். அதுல நீங்களும் இருக்கீங்க."

"நானா?"

"அவங்க யாரைக் கூப்பிடப் போவாங்கன்னு கேட்டப்ப, ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. அதனாலதான் உங்களைத் தேடி வந்தோம். பாரசீகம் தெரியும்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது."

முதுகணை கொண்டுவந்து வைத்த பையன். அவனைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது வேறு.

"மாஹ்பானுவோட குரல் யாரோடது?"

"நேர்ல கேட்டாத் தெரிஞ்சிடும் மேடம்." அவன் தலை குனிந்திருந்தது. "நீங்க மறுப்பீங்கன்னு இயந்திரத்துக்குத் தெரியும். ஆனா மறுத்துட்டு யார் பேரைச் சொல்வீங்கன்னு மட்டும் அதுக்குப் பிடிபடல. அது உங்க மனசுக்குள்ள இருக்கு. நீங்க சொல்ல வேண்டாம் மேடம். காதுல சொன்னாலும், எழுதிக் குடுத்தாலும் ஒண்ணுதான். இங்கேருந்து கிளம்பி அவங்க அடுத்து எந்தப் பக்கம் திரும்புறாங்கன்னு பார்த்தாப் போதும், யார் வீடுன்னு அது கண்டுபிடிச்சிரும். அவங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு ஏதாவது நல்லது போய்ச் சேர்ந்திருக்கும்."

"நல்லதா?"

"யாரையும் மிரட்ட மாட்டாங்க மேடம். அவங்க ரொம்ப நாளா ஆசைப்பட்ட ஏதோ ஒண்ணைக் குடுப்பாங்க. உங்களுக்குக் குடுத்த மாதிரி."

பெயர் அவர் மனதில் ஏற்கனவே வந்துவிட்டிருந்தது. கால்நடை டாக்டர் பொற்கொடி. அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு, பழைய மொபெட்டில் அந்தப் பக்கத்து ஊரெல்லாம் சுற்றி, ஆட்டுக்கு நோய் வந்தால் கிழக்கூர் மேற்கூர் பார்க்காமல் கொட்டிலில் படுத்துக் கிடக்கும் பெண். கோபக்காரி, யாருக்கும் பயப்படாதவள். அவளுக்கும் ஓர் ஆசை உண்டு. ஊர் ஊராகப் போக ஒரு வண்டி ஆஸ்பத்திரி வேண்டுமென்று பத்து வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கே யாராவது சாவியை நீட்டினால் வாங்கிக்கொள்வாள். ஏன் வாங்க மாட்டாள்? ஆடுகள் சாகின்றனவே. நல்லவர்களுக்கெல்லாம் ஒரு நல்ல ஆசை இருக்கிறது. அதைப் பிடித்துத் தூக்கிவிடலாம்போல.

கிருபாகரன் பின்வாசல் வழியாகப் போனான். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து சரிசெய்தான்.

*

"டீச்சரம்மா! வீட்ல இருக்கீகளா?"

வாசலில் அந்தக் குரல் கேட்டு உம்மு சல்மா எழுந்தார். கழுதையைக் கட்டிவிட்டு மாஹ்பானுதான் வந்துவிட்டாள் என்று ஒரு கணம் தோன்றியது.

வந்தவள் இருளாயி. கிழக்கூர்க்காரி, பொட்டலில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவள். கையில் ஒரு பை நிறையக் கரி. சாம்பிராணி போட டீச்சருக்கு ஆகும் என்று கொண்டுவந்திருந்தாள். பின்னால் மேற்கூர் அருளானந்து, ஆடு மேய்ப்பவர்களின் சங்கத் தலைவர். இரண்டு பேரும் ஒரே வேனில் வந்திருந்தார்கள். உட்காரும்போது மட்டும் அறையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"அவுகளை முதல்ல பேசச் சொல்லுங்க டீச்சர்," என்றார் அருளானந்து, இருளாயியைப் பார்க்காமல்.

"வேன் வாடகை பாதி நாங் குடுத்துருக்கேன், பாதிப் பேச்சு நாம் பேசிக்கிறேன்னு அவருகிட்டச் சொல்லுங்க," என்றாள் இருளாயி.

"வரும்போதும் இப்படித்தானா?"

"டிரைவர்கிட்டச் சொல்லுவோம், அவரு அந்தப் பக்கம் சொல்லுவாரு. பாவம், பரமக்குடி வர்றதுக்குள்ள மனுசனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

உம்மு சல்மாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

அவர்கள் சொன்னார்கள். வேலிக்கல் நட்டாயிற்று. ஆட்டை எங்கே ஓட்டுவது? கரிமூட்டத்தைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். மறிக்கலாம் என்று இரண்டு ஊரும் சொல்கிறது. ஆனால் கிழக்கூரான் கூப்பிட்டால் மேற்கூரான் வரமாட்டான், மேற்கூரான் கூப்பிட்டால் கிழக்கூரான் வரமாட்டான். ஒரு பொது ஆள் முன்னால் நின்றால் இரண்டு ஊரும் நிற்கும்.

"அன்னைக்கு மாதிரி நீங்க வந்து நின்னாப் போதும் டீச்சர்," என்றாள் இருளாயி.

அருளானந்து தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு கேக்கணும். உள்ளே உங்க பேர்ல ஒரு கட்டிடம் நிக்கிது. நான் நம்பல. எங்காளுக கேக்குறாக. அது கிழக்கூர்ப் பக்கமா வேற இருக்கு."

"அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்? நாங்களா கட்டுனோம்னு அவருகிட்டக் கேளுங்க டீச்சர்."

உம்மு சல்மா மறைக்கவில்லை. தபரிஸ்தானிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். தன் ஊரே திரையில் ஓடுகிறது என்று கேட்டபோது இருளாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அருளானந்து விட்டத்தைப் பார்த்தார். சொல்லச் சொல்ல உம்மு சல்மாவுக்கே அது, பிடிபட்டவர் சொல்லும் கதைபோலத்தான் கேட்டது.

"எனக்கு இடம் எங்கேன்னு தெரியாது. நம்புங்க. நானே வர்றேன். முதல்ல அந்தக் கட்டிடத்தை இடிக்கச் சொல்றேன்."

"நீங்க சொன்னா நான் நம்புவேன் டீச்சர்," என்றார் அருளானந்து. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "எங்க தெருவுல ஒருத்தனும் நம்பமாட்டான். நீங்க முன்னால நின்னா கிழக்கூர் மட்டுந்தேன் நிக்கும். அவுக ஆளு வந்துட்டாகன்னு எங்க பயலுக வேலி போடுறவனுக்கே கல் சுமக்கப் போயிருவானுக."

இருளாயி அதை மறுக்கவில்லை. முதல் முறையாக இருவரும் ஒரே கருத்தில் இருந்தார்கள்.

"சரி, விடுங்க," என்றாள் அவள். "உங்களால முடியாது. வேற ஒரு ஆளச் சொல்லுங்க. நீங்க கை காட்டுற ஆளுன்னா ரெண்டு ஊரும் ஒத்துக்கிரும். உங்களுக்குத் தெரியாத ஆளா?"

பொற்கொடி. நாக்கு நுனியில் இருந்தது. ஒரு மணி நேரப் பயணம். வேன் அருப்புக்கோட்டைப் பக்கம் திரும்பினால் போதும், அது போய்ச் சேர்வதற்குள் சாவி போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் அந்த ஊர்க்காரர்களுக்கு யாரையுமே நம்ப வழியிருக்காது. அந்த மொபெட்டையும் அவளுடைய கோபத்தையும் இவர்கள் கண்ணில் தானே அழுக்காக்கிவிட்டதாக ஆகும்.

"பேர் இருக்கு. சொன்னா அவங்களையும் வளைச்சிருவாங்க."

"அப்ப இருக்கு, சொல்லமாட்டீக," என்றாள் இருளாயி.

"சொல்ல முடியாது ஆத்தா."

"வளையாத ஆளுன்னு ஒருத்தர்கூடவா டீச்சர் இல்ல உங்களுக்குத் தெரிஞ்சு?" என்றார் அருளானந்து.

இருளாயி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். கரிப்பையை எடுக்கப் போனாள். பிறகு, கொண்டுவந்ததைத் திரும்ப எடுப்பது முறையில்லை என்று நினைத்தாள்போல, சுவரோரமாகத் தள்ளி வைத்தாள்.

"இனி என்ன செய்வீங்க?" உம்மு சல்மாவின் வாயிலிருந்து அது தன்னையறியாமல் வந்துவிட்டது. கேட்டிருக்கக் கூடாது என்று அந்தக் கணமே தெரிந்தது.

"என்னத்தச் செய்ய?" என்றாள் இருளாயி. அதற்கு மேல் அவள் சொன்னதைக் கேட்க உம்மு சல்மா விரும்பவில்லை, கேட்காமலே தெரியும்.

உம்மு சல்மா சன்னல் வழியாகப் பார்த்தார். வேன் கதவு திறந்திருந்தது. இருளாயி ஏறி முன்னால் உட்கார்ந்தாள். அருளானந்து ஏறவில்லை. டிரைவரிடம் குனிந்து என்னவோ சொன்னார். பையிலிருந்து எடுத்து எதையோ கொடுத்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் போகும் பக்கமாகத் தனியே நடந்தார். வேன் எதிர்ப்பக்கம் திரும்பியது.

ஒரு வழியாக வந்தவர்கள் இரண்டு வழியாகப் போனார்கள். இதை அவர் முன்பே பார்த்திருக்கிறார். குளிரூட்டிய அறையில், முதுகணை வைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நல்ல கட்டுரைக்கு விஷயம் கிடைத்த சந்தோஷத்தோடு.

சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மறுத்தவர் பெயர் சொன்னபோதெல்லாம் எழுந்தார்கள். தோட்டம் கொடுத்தும் எழுந்தார்கள். சொல்லாதபோது மட்டும்தான் வீடு திரும்பினார்கள். பொற்கொடிக்கு வண்டி கொடுப்பதைவிட, அவளுக்கு அடுத்தவருக்கு இன்னொன்று கொடுப்பதைவிட, மறுத்தவரைப் பெயர் சொல்லவிடாமல் செய்யும் மலிவான வழி ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே அவர்தான்.

போனை எடுத்தார். முதல் மணியிலேயே கிருபாகரன் எடுத்தான்.

"போயிட்டாங்களா மேடம்?"

"போயிட்டாங்க. தனித்தனியா."

"பேர் சொல்லலையே?" அவன் குரலில் இருந்த பதற்றம் உண்மையானது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"சொல்லல. தம்பி, நரிப்பொட்டல் மாதிரி உலகத்துல நான் இருக்கேன்னீங்க. நீங்களும் இருக்கீங்களா?"

மறுமுனையில் ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவன் எங்கேயோ சாலையோரத்தில் நின்றிருக்க வேண்டும்.

"அதெல்லாம் எங்களுக்குக் காட்டமாட்டாங்க மேடம்," என்றான். பிறகு அவசரமாக, "நானாத்தான் வந்தேன். மனசு கேக்கல. சத்தியமா யாரும் அனுப்பல."

"தெரியும் தம்பி."

"ஒரு மாசமா உங்களை வந்து பார்க்கணும்னு லீவு கேட்டுட்டே இருந்தேன். இல்லைன்னுட்டே இருந்தாங்க." அவன் குரல் தேய்ந்துகொண்டே போனது. சொல்லச் சொல்ல அவனுக்கே அது அப்போதுதான் விளங்கியதுபோல் இருந்தது. "நேத்து சாயங்காலம் அவங்களே கூப்பிட்டு, நாளைக்கு எடுத்துக்கோன்னாங்க."